பத்துக்கு வரும் சுறா

இந்த முறை யார் குறுக்கே நின்றாலும் ராசாவாக வந்தே தீருவது என்று மரியரட்ணம் முடிவெடுத்தார். குறுக்கே நிற்கக்கூடியவள் உலகத்தில் ஒருத்திதான். அவள் அப்போது குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஆகவே முடிவை அவர் சத்தம் போடாமல் எடுத்தார்.

அவரைப் பற்றித் தப்பாக நினைத்துவிடாதீர்கள். நாட்டைப் பிடிக்கிற ஆசை ஒன்றும் அவருக்கு இல்லை. யாழ்ப்பாணத்துக் குருநகரில் கோயில் திருநாளுக்குக் கூத்துப் போடுவார்கள். அந்தக் கூத்தில் கிறிஸ்தவர்களான வேதக்காரரைப் பிடித்து எண்ணெய்க் கொப்பரையில் போடுகிற கொடுங்கோல் ராசா ஒருவர் வருவார். அந்த வேடம்தான் அவருக்கு வேண்டும். தபால் கந்தோரில் முத்திரை குத்தியே அவருடைய பாதி ஆயுள் போய்விட்டது. கந்தோரில் பெரியவர் அதட்டுவார். வீட்டில் யசிந்தா அதட்டுவாள். வீட்டுப் பூனைகூட அவர் 'சூ' என்றால் இருந்து யோசித்துவிட்டுத்தான் எழும்பும். ஒரே ஒரு நாள் ராசா முடியைத் தலையில் வைத்துக்கொண்டு, "ஆரடா அங்கே!" என்று கத்த வேண்டும். நாலு பேர் பயந்து ஓடிவர வேண்டும். இதற்குமேல் அவர் வாழ்க்கையில் எதையும் கேட்கவில்லை. அதுவும் கிடைக்கிற வழியாக இல்லை.

காரணம் ஒரு கூறைச்சேலை. போனமுறை கூத்தில் அவருக்கு மந்திரி வேடம் கிடைத்தது. மந்திரிக்குச் சால்வை வேண்டும். அலுமாரியைத் திறந்தார். யசிந்தாவின் கல்யாணக் கூறை சரிகை மினுங்க மடித்துக் கிடந்தது. அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மேடைக்குப் போனார். சண்டைக் காட்சியில் யாரோ வீசிய தகரவாள் சரியாக முந்தானையில் கொழுவி, ஒரு முழத்துக்குக் கிழித்துக்கொண்டு போனது. சனம் கைதட்டியது. முன்வரிசையில் இருந்த யசிந்தா கைதட்டவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் 'கூத்து' என்ற சொல்லை யாரும் வாய்தவறியும் சொல்வதில்லை.

இந்தக் கதை நடந்தது எண்பத்தைந்தாம் ஆண்டில். நாட்டுச் சண்டையால் கடலுக்குப் போகத் தடை. தோணிகளெல்லாம் கரையில் கவிழ்ந்து கிடந்தன. ஆம்பிளையள் வீட்டில் இருந்து பெண்சாதிமாரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். இதைப் பார்த்துப் பரிதாபப்பட்டுத்தான் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் நீக்கிலாப்பிள்ளை கூத்துக்கு ஆள் சேர்க்கத் தொடங்கினார். பொழுதுபட்டால் ஒருவரும் வாசலைத் தாண்டாத காலம் என்பதால், விடிய விடிய ஆடுகிற கூத்தைப் பட்டப்பகலில் பழக்கினார். இடம் கோயில் மண்டபம். மரியரட்ணத்தின் வீட்டு யன்னலுக்கும் மண்டபத்துக்கும் நடுவில் இருந்தது ஒரு குறுகிய ஒழுங்கை மட்டும்தான். பாட்டுச் சத்தம் தினமும் யன்னலால் வந்து அவருடைய நெஞ்சைப் பிசையும். அவர் முத்திரை குத்திய கையால் மேசையில் தாளம் போடுவார்.

"உதென்ன சத்தம்?" என்று குசினியிலிருந்து குரல் வரும்.

தாளம் நின்றுவிடும்.

அவருக்கு ஆறுதலாக இருந்தது ஒரு மெசின். யசிந்தாவின் தம்பி லண்டனிலிருந்து அனுப்பிய சின்னக் கம்பியூட்டர் அது. ஒரு சாப்பாட்டுப் பெட்டி அளவுதான் இருக்கும். றப்பர் பொத்தான்கள். வயரை டி.வி.யில் கொழுவினால் எழுத்துத் தெரியும். கோப்பாயில் ஆசிரியர் பயிற்சியில் இருக்கும் மகளுக்கென்றுதான் அது வந்தது. "எனக்கு வேண்டாம், அப்பா பொழுதுபோக்கட்டும்" என்று அவள் சொல்லிவிட்டாள். கூடவே வந்த தடித்த புத்தகத்தைப் பார்த்து மரியரட்ணம் விளையாட்டு எழுதப் பழகினார். மீன் பிடிக்கிற விளையாட்டு. கடலுக்குப் போகமுடியாத ஊரில் டி.வி.க்குள்ளாவது மீன் ஓடட்டும் என்று நினைத்தார். மீன் இடமிருந்து வலம் போகும். பொத்தானை அமர்த்தினால் வலை விழும். மேல் மூலையில் நூறு என்று ஒரு எண் நின்று, ஒவ்வொன்றாகக் குறைந்து பூச்சியத்துக்கு வரும். பூச்சியம் வந்தால் விளையாட்டு முடிந்தது.

கேட்க இலேசாக இருக்கிறது. எழுதினால்தான் தெரியும். முதல் எழுதியதில் எண் குறையும்போது மீன் நின்றது. மீன் ஓடும்போது எண் நின்றது. பொத்தானை அமர்த்தினால் இரண்டும் கேட்கவில்லை. மரியரட்ணம் தலையைப் பிய்த்துக்கொண்டார்.

தேத்தண்ணி கொண்டுவந்த யசிந்தா கொஞ்சநேரம் நின்று பார்த்தாள்.

"என்னவாம் உதுக்கு?"

"அது எண்ணேக்கை ஒண்டும் கேக்குதில்லை. கேக்கேக்கை எண்ணுதில்லை. ஒரு நேரத்திலை ஒரு வேலைதான் செய்யுது."

"உங்களைப் போலை."

"பகிடி விடாதையும். நான் இஞ்சை அந்தரப்படுறன்."

"பேப்பர் வாசிக்கேக்கை உங்களிட்டை உப்பு இல்லை எண்டு சொன்னால் கேக்குதோ? இல்லையே. அப்ப ஏன் அந்தப் பாவப்பட்ட மெசினை ஏசுறியள்?"

அவர் புத்தகத்தைப் புரட்டினார். அதில் வழி இருந்தது. மெசினுக்குள்ளேயே ஒரு மணிக்கூடு ஓடிக்கொண்டிருக்கிறதாம். நாம் என்ன வேலை செய்தாலும் அது தன்பாட்டில் எண்ணிக்கொண்டிருக்குமாம். நாம் அதைப் போய்ப் பார்த்துக் கழித்துக்கொண்டால் போதும். அந்தப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இன்னும் இரண்டு வரி இருந்தது. சின்ன எழுத்தை வாசிக்க மூக்குக்கண்ணாடி வேண்டும். கண்ணாடி குசினி யன்னலில் இருந்தது. குசினிக்குப் போனால் வேலை சொல்வாள். அவர் வாசிக்கவில்லை.

பிறகு எல்லாம் சோக்காக ஓடியது. மீன் ஓடியது, எண் குறைந்தது, வலையும் விழுந்தது. மரியரட்ணம் துள்ளிக் குதித்தார். சும்மா மீன் பிடித்தால் என்ன கணக்கு? ஒரு சங்கீதம் வேண்டாமா? கூத்தில் ராசா மேடைக்கு வரும்போது பாடுகிற வரவுப்பாட்டு அவருக்குத் தலைகீழாகப் பாடம். ஒரு கிழமையாக இருந்து, அதன் ஒவ்வொரு சுரத்தையும் மெசினுக்குள் ஏற்றினார். வெட்டாமல் குறைக்காமல் முழுப்பாட்டு. ஒவ்வொரு மீனும் அகப்பட்டவுடன் ராசா வரவு ஒலிக்கும். மெசினின் சத்தம் கொசுச் சத்தமாக இருந்ததால், ஒரு வயரை றேடியோவுக்குள் கொழுவி ஒழுங்கை முழுக்கக் கேட்கப் பண்ணினார். யசிந்தா கேட்டுக் கேட்டாவது மனம் இளகுவாள் என்பது உள்ளே கிடந்த எண்ணம்.

அவள் இளகவில்லை. ஒரு நாள் பிட்டுத்தான் கருகியது.

அன்று மாலை வீட்டுச் சுவர்மணிக்கூடு நின்றுபோய்க் கிடந்தது. யசிந்தா பிட்டை அடுப்பில் ஏற்றிவிட்டு நேரம் கேட்டாள்.

"மணிக்கூடு எதுக்கு? என்ரை மெசின் இருக்கு. இந்த நூறு பூச்சியத்துக்கு வரேக்கை உம்மடை பிட்டு அவிஞ்சிருக்கும். நான் கூப்பிடுறன்" என்றார் மரியரட்ணம், பெரிய விஞ்ஞானி மாதிரி.

பிட்டு அவியும் மட்டும் சும்மா இருப்பானேன் என்று ஒரு மீனைப் பிடித்தார். வரவுப்பாட்டு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாடினார். இன்னொரு மீன். இன்னொரு பாட்டு. கந்தோர் போனது, குசினி போனது, அவர் கொலுமண்டபத்தில் நடந்துகொண்டிருந்தார். கண்ணைத் திறந்தபோது புகை. பானைத் தண்ணீர் வற்றி அடி வெடித்திருந்தது. அவள் ஓடிவந்து வாசலில் நின்று டி.வி.யைப் பார்த்தாள். எண் இன்னும் தொண்ணூற்றுச் சொச்சத்தில்தான் நின்றது.

"உம்மடை அடுப்பிலை நெருப்புக் கூடிப்போச்சு" என்றார் அவர்.

யசிந்தா வழக்கம்போல் ஏசவில்லை. டி.வி.யையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு, "ஓம், அடுப்பாய்த்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். தன்னை ஏசாமல் விட்டதற்காக மரியரட்ணம் அன்றிரவு செபமாலையில் மாதாவுக்கு விசேஷமாக நன்றி சொன்னார். ஏசாத பெண்சாதியைக் கண்டு பயப்பட வேண்டும் என்கிற புத்தி அவருக்கு அப்போது வரவில்லை.

இப்படியிருக்கும்போதுதான் பக்கத்து வீட்டு வின்சன்ற் வேலிக்கு மேலால் தலையை நீட்டினான். ஆள் பனைமரம் மாதிரி. மீசை ஒரு சாண்.

"ரட்ணமண்ணை, சேதி தெரியுமோ? வாற ஞாயிறு ராசாவுக்கு ஆள் எடுக்கினம். நீங்களும் நானும்தான் போட்டியாம்."

"அண்ணாவியார் என்ன சொல்லுறார்?"

"எனக்கு நடை இருக்காம், பாட்டு இல்லையாம். உங்களுக்குப் பாட்டு இருக்காம், நடை இல்லையாம். ஆனால் ராசாவுக்குப் பாட்டுத்தான் முக்கியமாம். அந்த வரவுப்பாட்டு எனக்குச் சாகும்வரைக்கும் பிடிபடாது அண்ணை. நீங்கள் வந்தால் உங்களுக்குத்தான். மூண்டு மணிக்கு மத்தளம் அடிக்கும். பொழுதுபட முந்தி ஆளை எடுத்து முடிச்சுப்போடுவினம். வராத ஆளுக்கு வேடம் இல்லை."

மரியரட்ணம் ஐம்பதை நெருங்குகிற மனிசன். இந்த முறை விட்டால் அடுத்த முறை என்று ஒன்று இந்த ஊரில் வருமோ, வந்தாலும் அவருக்குக் குரல் இருக்குமோ, யார் கண்டது? நேரே குசினிக்குப் போனார்.

"இஞ்சாரும் யசிந்தா..."

"ஏலாது."

"நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லையே."

"வேலியடியிலை வின்சன்ற் சொன்னது எனக்கும் கேட்டது. ஏலாது."

"ஒருக்காத்தான். இதுக்குப் பிறகு நான் கேக்கமாட்டன்."

"அலுமாரியைத் திறந்து காட்டட்டோ? உங்களுக்கு அது சீலை. எனக்கு அது ஒண்டுதான் கலியாணத்திலை மிஞ்சினது."

"நான் மிஞ்சேல்லையோ?"

"நீங்கள் கிழியாமல் கிடக்கிறியள். அதுதான் வித்தியாசம்."

மரியரட்ணம் திரும்பி வந்து கதிரையில் விழுந்தார். அழுகை வரும்போல் இருந்தது. டி.வி.யில் மீன்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். கள்ளப்புத்தி என்பது அழுகைக்குப் பக்கத்து வீட்டில்தான் குடியிருக்கிறது.

விளையாட்டில் ஒரு சுறாவைச் சேர்த்தார். சுறா எப்போதும் வராது. எண் பத்துக்கு இறங்கும்போது, ஒரே ஒரு தடவை வரும். கண்ணைச் சிமிட்ட முன் போய்விடும். மெசின் வலையைப் போட எடுக்கிற நேரத்துக்குள் சுறா அடுத்த கரையைத் தாண்டியிருக்கும்படி எழுதினார். அந்தோனியாரே வந்து வலை வீசினாலும் அகப்படாது. தானே பலமுறை முயன்று பார்த்து, ஒருமுறையும் அகப்படாததைக் கண்டு மனம் குளிர்ந்தார். நேரத்தைச் சோதிக்கும்போது பாட்டு இடைஞ்சல் என்று பாட்டை நிறுத்திவைத்தார். பாட்டைச் சோதிக்கும்போது நேரத்தை நிறுத்திவைத்தார். இரண்டும் தனித்தனியே திறமாக ஓடின. எண் நூறிலிருந்து பூச்சியத்துக்கு வர ஒரு பிட்டு அவிகிற நேரம்கூட ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மத்தியானச் சாப்பாடும் ஆனபிறகு பேச்சைத் தொடங்கினார்.

"யசிந்தா, நாங்கள் நியாயமாய் ஒரு பந்தயம் பிடிப்பம். இந்த விளையாட்டிலை கடைசியிலை ஒரு சுறா வரும். நீர் அதைப் பிடிச்சால் நான் கூத்து எண்ட சொல்லை இனி எடுக்கமாட்டன். பிடிக்காமல் நேரம் முடிஞ்சால், நான் மண்டபத்துக்குப் போவன். நீர் ஒரு சொல்லும் சொல்லக்கூடாது."

அவள் கரையோரம் அள்ளிய றால் கிடந்த சுளகை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"மற்ற மீன்களும் வருமோ?"

"வரும். வடிவாய்ப் பிடிக்கலாம். அது சும்மா ஒரு சந்தோசத்துக்கு."

"மீன் பிடிச்சால் அந்தப் பாட்டு வருமோ?"

மரியரட்ணத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கடைசியில் இவளுக்கும் பாட்டுப் பிடித்துவிட்டதே!

"ஓம், ஒவ்வொரு மீனுக்கும் வரும்."

"அரைகுறையாய் வராதே? முழுப்பாட்டும் வருமோ?"

"முழுப்பாட்டும் வரும்! ஒரு சுரம் குறையாது!"

"அப்ப சரி. ஆனால் விளையாட்டு முடியுமட்டும் நீங்கள் இந்தக் கதிரையிலை இருக்கவேணும். எழும்பினால் தோல்வி. மெசினிலை கை வைச்சாலும் தோல்வி. திருவிருதயப் படத்துக்கு முன்னாலை சத்தியம் பண்ணுங்கோ."

வலக்கையை நெஞ்சில் வைத்துப் பெரிய குரலில் சத்தியம் பண்ணினார். ராசா குரல்தான். கழுவித் தேய்த்த வேட்டியும் சால்வையும் கதவுக்கொழுக்கியில் தயாராகத் தொங்கின. மணி இரண்டரை. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆட்டம் முடியும். பிறகு ஒழுங்கையைத் தாண்ட நாலு எட்டு. மத்தளம் அடிக்க முன்னமே மண்டபத்தில் நிற்கலாம்.

ஆட்டம் தொடங்கியது. முதல் மீன் வந்தது. யசிந்தா பொத்தானை அமர்த்தினாள். மீன் அகப்பட்டது. றேடியோ ராசா வரவை முழங்கியது. மரியரட்ணம் தலையை ஆட்டி ரசித்தார். பாட்டு முடிந்தது. அடுத்த மீன். அதுவும் அகப்பட்டது. மறுபடி பாட்டு.

"கை நல்லாய் ஓடுது உமக்கு" என்று பாராட்டினார்.

"எல்லாம் நீங்கள் பழக்கினது."

பாட்டு ஓடும்போது மீன் அசையாது. அவளுக்கும் வேலை இல்லை. ஆகவே சுளகை இழுத்து றாலை உடைக்கத் தொடங்கினாள். பாட்டு முடிந்ததும் முழங்கையால் பொத்தானை ஒரு தட்டு. அடுத்த மீன். அடுத்த பாட்டு. அடுத்த றால்.

ஐந்தாவது பாட்டோ ஆறாவது பாட்டோ போகும்போது மரியரட்ணம் மேல் மூலையைப் பார்த்தார். தொண்ணூற்றாறு.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். தொண்ணூற்றாறுதான். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. எண் அப்படியே நின்றது.

"யசிந்தா, மெசின் இறுகிப்போச்சுப் போலை."

"இல்லையே. இஞ்சை பாருங்கோ, பாட்டு முடியுது. எண் குறையுது. மீன் வருது." முழங்கை. "பிடிச்சாச்சு."

ராசா வரவு மறுபடி எழும்பியது.

அப்போதுதான் மரியரட்ணத்துக்கு அந்தச் சின்ன எழுத்து ஞாபகம் வந்தது. கைக்கெட்டும் தூரத்தில் புத்தகம் கிடந்தது. கண்ணாடி அவருடைய சட்டைப்பையிலேயே இருந்தது. எடுத்து மாட்டி வாசித்தார். சத்தம் எழுப்பும்போது மட்டும் மெசின் தன் மணிக்கூட்டை நிறுத்திவைக்குமாம். பாட்டு முடிந்த பிறகுதான் விட்ட இடத்திலிருந்து எண்ணுமாம். பாட்டுப் பாடுகிற நேரமெல்லாம் அதன் கணக்கில் நேரமே இல்லையாம்.

அவர் நிமிர்ந்தார். யசிந்தாவைப் பார்த்தார். அவள் றாலின் தலையை ஒரே முறுக்கில் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"உமக்கு இது முந்தியே தெரியுமோ?"

"என்னது?"

"பாட்டு ஓடேக்கை எண் ஓடாது எண்டு."

"பானை அடிப்பிடிச்ச அண்டைக்குத் தெரியும். அண்டைக்கு நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தியள். நான் திறந்துகொண்டு நிண்டன்."

"அப்ப நீர் சுறாவைப் பிடிக்கிறதுக்காக விளையாடேல்லை!"

"நீங்கள் எழுதின விளையாட்டிலை நான் வெல்லுவன் எண்டு நினைக்க, எனக்கென்ன விசரோ?"

ஒழுங்கையில் வின்சன்றின் குரல் கேட்டது. "ரட்ணமண்ணை! நேரமாகுது! வாறியளோ?"

மரியரட்ணம் வாயைத் திறந்தார். ராசா வரவு அவருடைய குரலை மூழ்கடித்தது. கதிரையின் விளிம்புவரைக்கும் வந்தார். திருவிருதய ஆண்டவர் படத்திலிருந்து நேராக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பச் சாய்ந்து இருந்தார்.

"அண்ணை பாட்டுப் பழகிறார் போலை" என்று வின்சன்ற் யாரிடமோ சொல்வது கேட்டது. "நான் இதிலை நிண்டு கொஞ்சம் கேட்டுப்போட்டு வாறன்."

மூன்று மணிக்கு மத்தளம் அடித்தது. எண் எண்பதுக்குக்கூட இறங்கவில்லை.

மரியரட்ணம் இப்போது பிரார்த்தனையில் இறங்கினார். கோடி அற்புதரான அந்தோனியாரே, உமக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றுகிறேன், கரண்டை நிற்பாட்டும். கரண்ட் நின்றால் ஆட்டமே இல்லை. ஆட்டம் இல்லாவிட்டால் சத்தியமும் இல்லை. அந்த நாளில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் வராமல் விடுவதற்குக் காரணம் ஒன்றும் தேவையில்லை. நேற்று மூன்றுதரம் நின்றது. முந்தநாள் முழுநாளும் இல்லை. இன்றைக்கு அது மலைபோல அசையாமல் இருந்தது. ஒரு மெழுகுதிரியை ஒரு கட்டாகக் கூட்டினார். ஒரு சிமிட்டல்கூட இல்லை.

"யசிந்தா, அந்த றேடியோ சூடாகுது. வெடிச்சாலும் வெடிக்கும்."

"வெடிக்கட்டும். அது எங்கடை அப்பு தந்த றேடியோ. எனக்கே கவலை இல்லை, உங்களுக்கென்ன?"

"எனக்கு ஒண்டுக்குப் போகவேணும்."

"போங்கோ. எழும்பினால் தோல்வி."

"நீர் ஒரு மீனையாவது விடும். ஒரே ஒரு மீன்."

"பாவம், அதுகளும் எத்தினை நாள்தான் ஓடும். பிடிச்சுவிடுவம்." முழங்கை.

றால் முடிந்தது. அவள் வெங்காயம் கொண்டுவந்து உரித்தாள். ஆட்டம் நடக்கும்போது அவள் எழும்பக்கூடாது என்று சத்தியத்தில் ஒரு சொல்லும் இல்லை. பாட்டு ஓடும்போது குசினிக்குப் போய் உலை வைத்துவிட்டு, பாட்டு முடியும்போது திரும்பி வந்து மீனைப் பிடித்தாள். மரியரட்ணம் கதிரையில் கிடந்து, தான் எழுதிய பாட்டைத் தானே கேட்டார். ஒரு சுரம் குறையாத முழுப்பாட்டு. இதில் பாதியையாவது வெட்டியிருக்கக்கூடாதா? முதல் வரியோடு நிற்பாட்டியிருந்தால் இந்நேரம் ராசா. அவருடைய அருமைப் பாட்டை அவரே வெறுத்த நேரம் அதுதான். கன்னத்தில் ஒரு துளி கண்ணீர் இறங்கியது. துடைக்கக் கை எடுத்தால் அதையும் தோல்வியென்று சொல்வாளோ என்று பயந்து, அப்படியே விட்டுவிட்டார்.

மண்டபத்தில் யாரோ பாடியிருக்க வேண்டும். கேட்கவில்லை. மத்தளம் கேட்டது. பிறகு கைதட்டல் கேட்டது. நீளமான கைதட்டல். பிறகு மத்தளம் நின்றுவிட்டது.

வெயில் சாய்ந்து யன்னல்கம்பியின் நிழல் சுவரில் ஏறியது. எண் பன்னிரண்டு. வாசலில் வின்சன்ற் வந்து நின்றான். கழுத்தில் பூமாலை. முகமெல்லாம் பல்.

"ரட்ணமண்ணை! உங்கடை காலைத்தான் தொட்டுக் கும்பிடவேணும்!"

"ஏன்ரா தம்பி?" குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"வருசக்கணக்காய்ப் பிடிபடாத பாட்டண்ணை. இண்டைக்கு உங்கடை யன்னலுக்குக் கீழை நிண்டு கேக்கிறன், திரும்பத் திரும்ப அதேதான் வருது. அண்ணாவியார் மற்ற வேடங்களுக்கெல்லாம் ஆள் எடுத்துப்போட்டுக் கடைசியாய்த்தான் என்னைக் கூப்பிட்டவர். அந்தமட்டும் மண்டபத்திலை இருந்தும் கேட்டுக்கொண்டே இருந்தன். சுரம் சுரமாய் மண்டைக்குள்ளை இறங்கிப்போச்சு. நான் பாடினவுடனை அண்ணாவியார் எழும்பி நிண்டிட்டார். உங்களுக்கு வேடம் கிடைக்காட்டிலும் பரவாயில்லை, எனக்குக் கிடைக்கட்டும் எண்டுதானே அண்ணை இவ்வளவு சத்தமாய்ப் போட்டனீங்கள்? ஆர் செய்வான் இந்தக் காலத்திலை!"

மரியரட்ணம் அந்தப் பூமாலையைப் பார்த்தார்.

"அவர் அப்பிடித்தான் தம்பி. மற்றவைக்காகவே வாழுற மனிசன்" என்றாள் யசிந்தா.

வின்சன்ற் உண்மையாகவே அவருடைய காலைத் தொட்டுவிட்டு, ராசா நடையில் படலையைத் தாண்டிப் போனான். அந்த நடை அவனுக்கு எப்போதுமே இருந்தது.

எண் பத்துக்கு இறங்கியது. சுறா வந்தது. கண்ணைச் சிமிட்ட முன் போய்விட்டது. யசிந்தா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை, வெங்காயத் தோலைச் சுளகில் கூட்டிக்கொண்டிருந்தாள். இப்போது வந்த மீன்களையும் அவள் பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டால் பாட்டு இல்லை. எண் கடகடவென்று இறங்கிப் பூச்சியத்தில் நின்றது. மரியரட்ணம் எத்தனையோ நாள் ஆசையோடு எழுதிவைத்த வரி டி.வி.யில் பெரிதாக மின்னி மின்னித் தெரிந்தது. ராசா வென்றார். ராசா வென்றார். ராசா வென்றார்.

யசிந்தா கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். கதவுக்கொழுக்கியில் தொங்கிய சால்வையை எடுத்து, அவருடைய தோளில் வடிவாகப் போட்டுவிட்டாள்.

"சுறா தப்பிட்டுது. நான் தோத்திட்டன். பந்தயம் பந்தயம்தான், நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டன். நீங்கள் போயிட்டு வாங்கோ."

"எங்கை போறது?" என்றார் மரியரட்ணம்.

"வின்சன்ற் வீட்டைதான். அவன்ரை பெண்சாதி ஸ்ரெல்லாவிட்டைப் போய், கூறைச்சேலை வைச்ச அலுமாரியைப் பூட்டித் திறப்பை ஒளிச்சு வைக்கச் சொல்லுங்கோ."